கதவுக்கு வெளியே கேட்ட ஜெபம்

தப்பா நெனைக்காதீங்க சிஸ்டர், நீங்க ஃபோன்ல பேசினது காதுல விழுந்துட்டு. ஒட்டுக் கேக்குற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. எதிர் சீட்டுல இருந்துக்கிட்டு காதைப் பொத்திக்கிடவா முடியும்? ராயகடாவுல எறங்கி மிஷன் ஆஸ்டலுக்குப் போறீங்க, பெண்கள் முகாமுல செய்தி குடுக்கப் போறீங்க. அப்படித்தானே? நானும் அங்கதான் போறேன். என் மக அங்கதான் இருக்கா. பியூலா. அந்த மலைப்பிள்ளைகளுக்கு டீச்சர், வார்டன், காய்ச்சல் வந்தா மருந்து குடுக்குறது, எல்லாம் அவதான். உங்களைக் கூப்பிட்டது பெரிய பாஸ்டரா? அப்ப நீங்க பியூலாவைப் பாத்ததே இல்லையா? ஃபோன்ல கூடப் பேசினது இல்ல? சரி சரி. சும்மாதான் கேட்டேன்.

இந்தாங்க, முந்திரிக்கொத்து, எங்க ஊருப் பலகாரம். எடுத்துக்கிடுங்க. அவளுக்குன்னு சுட்டதுதான், நெறைய இருக்கு. அவ இப்ப எங்க திங்கா, எல்லாத்தையும் பிள்ளைகளுக்குப் பிச்சுக் குடுத்துருவா. போன தடவை என் கண்ணு முன்னாடியே குடுத்தா. பெத்தவ ரயிலேறி, கால்வீக்கத்தோட தூக்கிட்டு வந்தாளேன்னு ஒரு நெனப்பு கிடையாது.

என் பேரு எமிலி கனகம். திருநெல்வேலிக்குக் கிழக்க ஊரு. எங்க சேகரத்துல, அதான் எங்க சபை வட்டாரத்துல, பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு நான்தான் செயலாளர், ரொம்ப வருஷமா. எங்க வீட்ல அவிய ஹெட்மாஸ்டரா இருந்தாவ. இப்ப கர்த்தருக்குள்ள நித்திரை. எங்களுக்கு ஒரே பிள்ளை இவதான். பிள்ளை இல்லாம ஏழு வருஷம் கோயில் படியில கெடந்து வாங்கின பிள்ளை. பியூலான்னா விவாகம் ஆனவள்னு அர்த்தமாம், எங்க ஐயர் சொல்லித்தான் வச்சோம், எங்க பக்கம் பாஸ்டரை ஐயர்னுதான் சொல்லுவோம். நாப்பதைத் தொடப் போறா. கழுத்து வெறுங்கழுத்து. அந்தப் பேரை வச்ச ஐயரு அர்த்தத்தைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

நீங்க நெனைப்பீங்க, மகளை ஊழியத்துக்குக் குடுத்த தாய், எவ்வளவு பெரிய பாக்கியம்னு. எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ. கன்வென்ஷன் பந்தல்ல மேடையேத்தி எனக்குப் பொன்னாடை போத்தியிருக்காவ, ஒரு தடவை இல்ல, பல தடவை. நானும் சாட்சி சொல்லியிருக்கேன். கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா? மைக்கைக் கையில குடுத்தா ஏதாவது சொல்லத்தானே வேணும். ஆனா வீட்டுக்கு வந்து பொன்னாடையை மடிச்சு பீரோவுல வச்சுட்டு, ஒத்தைக்கு ஒரு தட்டுல சோத்தப் போட்டுத் திங்கும்போது தொண்டையில எறங்குதா? எறங்கல சிஸ்டர். என்னை ஏமாத்திட்டாவ. அதைத்தான் உங்ககிட்ட சொல்லணும். யாருகிட்டயும் சொன்னதில்ல.

ஏமாத்தினது பிரதர் கமாலியேல். பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்களோ என்னவோ. பின்னால பெரிய ஆளாயிட்டாரு. தீர்க்கதரிசன வரம் உள்ளவரு, அறைக்குள்ள நடந்ததைக் கூடச் சொல்லுவாருன்னு எங்கிருந்தெல்லாமோ வேன் புடிச்சு வருவாவ. எங்க வீட்டுக்கு வரும்போது அவரு ஒண்ணுமில்ல. ஒரு பழைய டி.வி.எஸ். வண்டியும் ஒரு கிட்டாரும். வெள்ளைச் சட்டை காலரு நைஞ்சிருக்கும். அவருக்குப் பேரு வாங்கிக் குடுத்ததே எங்க வீட்டு முன்னறைதான்.

விஷயம் என்னன்னா, பியூலாவுக்கு இருபத்திமூணு வயசு இருக்கும். டீச்சர் டிரெயினிங் முடிச்சுட்டு நம்ம சபைப் பள்ளிக்கூடத்துல வேலைக்குச் சேந்திருந்தா. கோயில்ல பாட்டுக்குழுவுல பாடுவா. அந்தக் குழுவுல எப்ராயீம்னு ஒருத்தன். கோயில்குட்டி மகன். கோயில்குட்டின்னா உங்க மெட்ராஸ்ல தெரியாது, மணி அடிக்கிறது, கோயிலைப் பெருக்குறது, பாய் விரிக்கிறது, சாவுன்னா வீடு வீடாப் போய்ச் சொல்றது, அந்த வேலை பாக்குறவரு. அவரு மகன். பையன் நல்ல பையன்தான், நான் ஒண்ணும் கொறை சொல்லல. ஐ.டி.ஐ. படிச்சு சொந்தமா லோடு ஆட்டோ வச்சிருந்தான். நல்லாவும் பாடுவான்.

அதுக்காக? ஒரே கோயிலுக்குத்தான் போறோம், ஒரே பாத்திரத்துலதான் திருவிருந்து எடுக்கோம், அதெல்லாம் எடுக்கத்தான் செய்யுதோம். நான் அவன் அப்பனுக்குப் பின்னால நின்னு அதே பாத்திரத்துல குடிச்சிருக்கேன், முகம் சுளிச்சதே கிடையாது. கல்யாணம்னா வேற இல்லையா சிஸ்டர்? அவங்க வேற ஆளுக. நாங்க வேற ஆளுக. நீங்க படிச்சவங்க, உங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

அவ எங்கிட்ட மறைக்கல. நேரா வந்து, அம்மா, எப்ராயீமைத்தான் கட்டிக்கிடுவேன், நீங்க சம்மதிச்சா கோயில்ல, சம்மதிக்கலைன்னா சம்மதிக்கிற வரைக்கும் இருப்பேன்னுட்டா. ஓடிப் போவேன்னு சொல்லியிருந்தா அடிச்சிருக்கலாம். இருப்பேன்னு சொல்ற பிள்ளையை என்ன செய்ய? சத்தம் போட்டேன். பட்டினி கெடந்தேன். என் பக்கத்துலயே உக்காந்து அவளும் பட்டினி கெடந்தா.

அப்பதான் உபவாச ஜெபத்துக்கு பிரதர் கமாலியேலைக் கூப்பிட்டேன். வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டு ஜெபம் வச்சா, பிரதர் வந்ததும் முதல்ல வீட்டுக்காரவகிட்ட ஜெபக்குறிப்பு கேப்பாரு. யாருக்குச் சொகமில்ல, யாருக்குப் பரீட்சை, யாருக்கு வரன் பாக்கீங்கன்னு. அதே மாதிரி காப்பி குடுத்துட்டு நானும் ஜெபக்குறிப்பு சொன்னேன். பொய் ஒண்ணும் சொல்லல. ஒரு வார்த்தை பொய் கிடையாது. மகளுக்கு ஒரு தகாத சம்பந்தம் மனசுல இருக்கு, ஆண்டவர் அவகூட நேரா பேசினா கேப்பா, நான் சொன்னா கேக்க மாட்டேங்கான்னு சொன்னேன். கூட ஒண்ணையும் சொன்னேன்.

அது என்னன்னா, நல்லாக் கேட்டுக்கிடுங்க. அவ ஏழாம் வகுப்பு படிக்கையில அவியளுக்கு மஞ்சக்காமாலை முத்திப் போயி, ஆஸ்பத்திரியில கையை விரிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாவ. நான் பாயை எடுக்கப் பின்னால போறேன், குளியலறைக் கதவு சாத்தியிருக்கு. உள்ள குழாய் ஓடுது, வாளி நெறைஞ்சு வழியுற சத்தம். தண்ணியை வீணாக்குதாளேன்னு கதவைத் தட்டப் போனேன். உள்ள பேச்சு கேட்டுச்சு. ஆண்டவரே, அப்பாவை எடுத்துக்கிடாதீங்க, எங்கிட்ட நீங்க என்ன கேட்டாலும் தாரேன், எப்ப கேட்டாலும் தாரேன், இல்லைன்னு சொல்ல மாட்டேன்னு. அதையே திருப்பித் திருப்பிச் சொல்லுதா. தண்ணிச் சத்தத்துல யாருக்கும் கேக்காதுன்னு நெனச்சிருக்கா. எனக்குக் கேட்டுச்சு. நான் தட்டாம வந்துட்டேன். அவ எங்கிட்ட சொல்லவும் இல்ல, நான் கேட்டேன்னு காட்டிக்கிடவும் இல்ல. அவிய பொழைச்சாவ. அதுக்கு அப்புறமும் ஏழெட்டு வருஷம் இருந்தாவ, அவ காலேஜ் போற வரைக்கும்.

அதை பிரதர்கிட்ட சொன்னேன். ஜெபக்குறிப்பாத்தான் சொன்னேன்.

அன்னைக்கு முன்னறை நெறைய ஆளு. சமுக்காளம் விரிச்சு, கோயில்லேருந்து நாற்காலி கொண்டாந்து போட்டிருந்தோம். கொண்டாந்து போட்டதே எப்ராயீம்தான், அவன் ஆட்டோவுல. பாட்டு முடிஞ்சு ஜெபம் பண்ணும்போது பிரதர் சத்தம் மாறுச்சு. இந்த அறையில ஒரு மகள் இருக்கா, அவ சின்னப் பிள்ளையா இருக்கா, கதவைச் சாத்திட்டு முழங்கால்ல நிக்கா, குழாயில தண்ணி ஓடுறதை நான் பாக்கேன்னாரு. சிஸ்டர், பியூலா ஒரு சத்தம் போட்டா பாருங்க. அந்தச் சத்தத்தை நான் அதுக்கு முன்னாடியும் கேட்டதில்ல, அதுக்குப் பொறகும் கேட்டதில்ல. மகளே, என்ன கேட்டாலும் தாரேன்னு சொன்னியே, இப்ப கேக்கேன், குடுன்னாரு. அவ தரையில நெத்தி படக் கவுந்து, எடுத்துக்கிடுங்க எடுத்துக்கிடுங்கன்னு அழுதா. நானும் அழுதேன். சந்தோஷத்துல அழுதேன், எதுக்குப் பொய் சொல்லணும். கடைசியில எம் பிள்ளை எனக்குக் கெடைச்சுட்டாள்னு அழுதேன்.

நான் நெனச்சது அந்தப் பையனை. அவனை விட்டுட்டா போதும்னுதான் நான் சொன்னது. அவ நெனச்சது தன்னையே.

மறுநா வெள்ளனயே அவளே கோயில்குட்டி வீட்டுக்குப் போயிட்டா. என்ன பேசினாளோ. அவன் என்ன சொன்னான்னு மட்டும் பின்னால தெரிஞ்சுது. கர்த்தர் கேக்கும்போது நான் குறுக்க நிக்க மாட்டேன்னானாம். அவ்வளவுதான். ஒரு சண்டை இல்ல, சத்தம் இல்ல. நெசமா ஆசை இருந்தவன்னா சண்டை போட்டிருக்க மாட்டானா? என் வாசல்ல வந்து நின்னு நாலு வார்த்தை கேட்டிருக்க மாட்டானா? அவன் சண்டை போட்டிருந்தாக் கூட எல்லாம் வேற மாதிரி ஆயிருக்கும். அதையும் நான் அவன் கணக்குலதான் வைப்பேன்.

அதோட விட்டாளா? நான் நல்ல நல்ல வரனா கொண்டாரேன். ஒரு எஞ்சினியர், ஒரு டாக்டர் மாப்பிள்ளை, எல்லாம் நம்ம ஆளுக. போட்டோவைப் பாக்கவே மாட்டேங்கா. அம்மா, நான் என்னைக் குடுத்துட்டேன், குடுத்ததை எப்படித் திருப்பி எடுக்கங்கா. மிஷன்காரவகிட்ட பேசி, இந்த ஒரிசாவுக்குப் போறதுக்கு ஏற்பாடும் பண்ணிட்டா. பாஷை தெரியாத ஊரு, மலேரியாக் காய்ச்சல் உள்ள ஊரு.

பிரதரைத் தேடி ஓடினேன். பிரதர், கொஞ்சம் மாத்திச் சொல்லுங்க, ஊழியம்னா உள்ளூர்லயே செய்யலாம், கல்யாணம் கட்டிக்கிட்டும் செய்யலாம்னு ஆண்டவர் சொல்றதா ஒரு வார்த்தை சொல்லுங்கன்னேன். அதுக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுமா? அம்மா, ஆண்டவர் சொன்னதை நான் எப்படி மாத்துறதுன்னாரு! என் முகத்தைப் பாத்துச் சொல்லுதாரு! அதுக்குள்ள அவரு சொன்னதை அவரே நம்பிட்டாரு. ஜெபக்குறிப்பு குடுத்ததே நான்தான்யான்னு கேட்டுட்டு வந்திருக்கணும். கேக்கல. வாசல்ல ரெண்டு கார் நின்னுது, ஜனம் காத்துக் கெடந்துது.

ஸ்டேஷன்ல நடந்ததைச் சொல்லுதேன். இது முக்கியம், மறந்துராதீங்க. திருநெல்வேலி ஜங்ஷனுக்கு எங்க சபையே வந்திருந்துது. ஐயரு, ஐயரம்மா, சங்கத்துப் பெண்டுக எல்லாரும். மாலை போட்டாவ. ஐயர் பிளாட்பாரத்துலயே நின்னு ஜெபிச்சாரு. ரயில் கெளம்பப் போவுது. அவ ஜன்னல் கம்பிக்குள்ள கையை விட்டு என் கையைப் புடிச்சா. என் காதுகிட்ட குனிஞ்சு, அம்மா, எனக்குப் பயமாருக்கு, போக வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, எறங்கிருதேன்னா. எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு. பக்கத்துல நின்ன ஐயரம்மாவுக்குக் கூடக் கேக்கல.

அத்தனை பேரு நிக்காவ சிஸ்டர். மாலையும் கழுத்துமா இருக்கா. எல்லாரும் என் முகத்தைத்தான் பாக்காவ. அந்த எடத்துல எந்தத் தாய்தான் என்ன சொல்லுவா? கர்த்தர் கூப்பிட்டிருக்காரு, பயப்படாம போ மக்ளேன்னேன். கையை விட்டுட்டா. ரயில் போயிட்டு.

அதுக்குப் பொறகு பதினஞ்சு வருஷம். வருஷத்துக்கு ஒரு தடவை லீவுல வருவா. ஒவ்வொரு தடவையும் இன்னும் மெலிஞ்சு வருவா. மலேரியா வந்து முடி கொட்டி ஒரு தடவை வந்தா, எனக்கு அடையாளமே தெரியல. அந்த லீவுலதான் எப்ராயீமுக்குக் கல்யாணம். ஓரமா நின்னு பாட்டுக்குழுவுல பாடினா. நல்ல சத்தமாத்தான் பாடினா. நான்தான் கோயிலுக்குப் போகல, தலைவலின்னு படுத்துக்கிட்டேன். அந்தப் பையனுக்கு இப்ப ரெண்டு பிள்ளைக. முந்தாநேத்து என்னை ஸ்டேஷன்ல கொண்டு விட்டதும் அவன்தான். பெட்டியைத் தூக்கி பெர்த்துக்கு அடியில தள்ளிட்டு, அக்காளைக் கேட்டேன்னு சொல்லுங்கன்னான். அக்காளாம்! அவளை விட நாலு மாசம் மூத்தவன் அவன். வாடகை குடுத்தேன், வாங்கல. அவன் வாங்கியிருந்தா எனக்கு நல்லாருந்திருக்கும்.

இப்ப பிரதர் கதைக்கு வாரேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு நா மத்தியானம் வாசல்ல ஒரு கெழவன் நிக்காரு. யாருன்னே தெரியல. கேட்டா, கமாலியேல். ஊழியத்தையெல்லாம் விட்டுட்டாராம். இப்ப ஒரு மரக்கடையில இருக்காராம். உள்ள வந்து உக்காரக் கூட இல்ல. அந்த முன்னறையில நின்னுக்கிட்டே, அம்மா, என் வரம் இந்த அறையில நான் சொன்ன பொய்யிலதான் ஆரம்பிச்சுது, அதுக்கு மேல எத்தனையோ பேருகிட்ட ஜெபக்குறிப்பை வாங்கிட்டு அதையே ஆண்டவர் வார்த்தைன்னு திருப்பிக் குடுத்திருக்கேன், எனக்குத் தூக்கமே போச்சு, வாங்க நாம ரெண்டு பேரும் போயி அந்தப் பிள்ளைகிட்ட உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேப்போம்னு அழுதாரு. ஆம்பளை தேம்பித் தேம்பி அழுதாரு.

எனக்கு வந்துதே கோவம்! இப்ப வந்து அழுதா? நான் காலைப் புடிச்சுக் கேட்ட அன்னைக்கு மாத்த மாட்டேன்னுட்டு, எம் பிள்ளை வாழ்க்கையெல்லாம் ஓஞ்சு போன பொறகு வந்து மன்னிப்பு கின்னிப்புன்னா? உம்ம பொய்யை உம்மோட வச்சுக்கிடும், நான் பொய் சொல்லல, நான் ஜெபக்குறிப்புதான் சொன்னேன், வெளிய போமய்யான்னேன். போயிட்டாரு. கதவைப் படார்னு சாத்தினேன்.

அவரு தனியா ரயிலேறி அவளைப் போய்ப் பாத்தாராம். அது எனக்குத் தெரியும், அவளே ஃபோன்ல சொன்னா. பிரதர் கமாலியேல் வந்திருந்தாரும்மா, ரெண்டு நா இருந்தாருன்னா. என்னளா சொன்னாருன்னு கேட்டேன். பேசிட்டிருந்தோம்மான்னா. அவ்வளவுதான். அப்பாடான்னு இருந்துச்சு. அவரு ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாரு சிஸ்டர். சொன்னா அவரு மானம் என்னாகும்? எந்த மனுசனாவது தன் வாயால போயி, நான் உன்னை ஏமாத்தினேன்னு சொல்லுவானா? என்னமோ மனசு கேக்காம பாத்துட்டு வந்திருக்காரு. பொறவு போன மழைக்காலத்துல செத்தும் போயிட்டாரு.

ஆனா பாருங்க, அவரு வந்துட்டுப் போனதுலேருந்து அவ ஒரு மாதிரி ஆயிட்டா. முன்னாலெல்லாம் ஞாயித்துக்கெழமை சாயங்காலம் ஃபோன் பண்ணினா, வைக்கும்போது எனக்காக ஜெபிச்சுட்டுத்தான் வைப்பா. அம்மாவுக்கு மூட்டுவலி கொறையணும், அம்மாவுக்குத் தூக்கம் வரணும்னு. இப்ப ஜெபிக்க மாட்டேங்கா. அதுக்குப் பதிலா ஒரு கேள்வி கேக்கா. ஒவ்வொரு வாரமும் அதே கேள்வி. அம்மா, எங்கிட்ட சொல்ல வேண்டியது ஏதாவது இருக்காம்மாங்கா. நான் என்ன சொல்ல? கோழி அடை வச்சிருக்கு, கெணத்து மோட்டார் ரிப்பேர், அடுத்த வீட்டுக்காரிக்குப் பேத்தி பொறந்திருக்குன்னு சொல்லுவேன். கேட்டுக்கிட்டே இருப்பா. வேற ஒண்ணும் இல்லையாம்மாங்கா. வேற என்னடி இருக்குங்கேன். அப்புறம், சரிம்மா, நான் காத்திருக்கேன்னு வச்சுருவா. எதுக்குக் காத்திருக்காளாம்? வயசாகுதுல்ல, கல்யாணமும் இல்லைன்னா பொம்பளைகளுக்கு இப்படித்தான் மனசு கோணும்.

வீட்டுக்கு வந்துருன்னு கேக்காம இல்ல. கேட்டேன். அங்கேயே இருக்கணும்னு உனக்கென்ன தலையெழுத்தா, வேற டீச்சர் வரமாட்டாளான்னேன். அதுக்கு அவ, நான் வாரதும் வராததும் உங்க கையிலதான் இருக்கும்மான்னா. எங் கையில என்ன இருக்கு? எங் கையில முந்திரிக்கொத்து டப்பாதான் இருக்கு.

எனக்கு அவ வேணும் சிஸ்டர். வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன். குளியலறையில வழுக்கி விழுந்து கெடந்தேன், மூணு மாசத்துக்கு முன்னால. அதே குளியலறை. எந்திரிக்க முடியல. குழாய் ஓடிட்டே இருக்கு. நான் கத்துதேன், ஒருத்தருக்கும் கேக்கல. அந்தத் தரையில கெடக்கும்போது எனக்கு வேற யாரு நெனப்பும் வரல. ஆண்டவர் நெனப்பு கூட வரல, அவ நெனப்புதான் வந்துது. நான் சாகும்போது எம் பிள்ளை என் பக்கத்துல இருக்கணும். அது பெரிய ஆசையா? ஊர்ல எல்லாக் கெழவிக்கும் கெடைக்குறதுதானே?

அதனாலதான் உங்களை ஆண்டவரே என் எதிர்ல உக்கார வச்சிருக்காருன்னு நெனைக்கேன். ஆமா, சிரிக்காதீங்க. நேத்து ராத்திரி வெகுநேரம் ஜெபிச்சேன், ஒரு வழியைக் காட்டும்னு. காலையில முழிச்சா நீங்க பைபிளை விரிச்சு வச்சுட்டு உக்காந்திருக்கீங்க. அவளுக்கு உங்களைத் தெரியாது. உங்களுக்கு அவளைத் தெரியாது. இதுக்கு மேல என்ன அடையாளம் வேணும்?

நீங்க ஒண்ணும் பெருசாச் செய்ய வேண்டாம். முகாமுல ஜெபிக்கும்போது, இல்லைன்னா அவ தலையில கை வச்சு ஜெபிக்கும்போது, மெதுவா ஒரு வார்த்தை. மகளே, ரயில் ஜன்னல்ல ஒரு கையைப் புடிச்சுக்கிட்டு பயமாருக்குன்னு சொன்னியே, அதை நான் கேட்டேன், உன் ஓட்டம் முடிஞ்சுது, இப்ப உன்னை வீட்டுக்கு அனுப்புதேன், உன் தாயைப் போய்ப் பாருன்னு. அவ்வளவுதான். ஸ்டேஷன் விஷயம் ஒருத்தருக்கும் தெரியாது. அவளுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். அதனால நீங்க சொன்னா ஆண்டவரே சொன்ன மாதிரி இருக்கும், கண்டிப்பா நம்புவா. முன்னாலயும் நம்பினாள்ல?

என்ன சிஸ்டர், பைபிளை மூடிட்டீங்க?

நானே சொல்றதா? எதை? ...ஓ. அதையா. குளியலறைக் கதவுக்கு வெளிய நின்னது நான்தான்னு, நானே போயி அவகிட்ட சொல்றதா?

நல்லாச் சொன்னீங்க. நீங்க பிள்ளை பெத்தவங்களா? சொல்லிட்டு நான் அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்? பதினஞ்சு வருஷம் சிஸ்டர். அவ முடி போச்சு, ஒடம்பு போச்சு, அந்தப் பையன் போனான். இதெல்லாம் ஆண்டவருக்குக் குடுத்தேன்னு நெனச்சுட்டிருக்கா. அந்த நெனப்புலதான் உயிரை வச்சிருக்கா. ஆண்டவர் கேக்கலளா, உங்கம்மாதான் கேட்டாள்னு சொன்னா, அவ தாங்குவாளா? அப்புறம் நான் செத்தா கூட எட்டிப் பாப்பாளா? எனக்குப் பயமாருக்கு. நெசமாவே பயமாருக்கு. உண்மையைச் சொல்லி அவளை எழக்குறதுக்கு, சொல்லாம அவளைக் கூட்டிட்டுப் போறது மேலு. இதுல யாருக்கு என்ன நஷ்டம்? நல்லதுக்குத்தானே கேக்கேன். அன்னைக்கும் நல்லதுக்குத்தான் கேட்டேன்.

இருங்க, ஃபோன் அடிக்குது. அவதான். பேசாம இருங்க, ஒரு நிமிசம்.

ஆங், மக்ளே... ஆமா, வந்துக்கிட்டே இருக்கேன், மலையெல்லாம் வந்துட்டு... சாப்பிட்டேன்... இல்ல, பக்கத்துல யாரும் இல்ல, தனியாத்தான் உக்காந்திருக்கேன்... கால் வலி இருக்கத்தான் செய்யுது... ஆங்? சத்தமா சொல்லு, குகைக்குள்ள போவுது... சொல்ல வேண்டியதா? எங்கிட்டயா? ஒண்ணும் இல்லையே மக்ளே. என்ன இருக்கு? முந்திரிக்கொத்து கொண்டாரேன், வேற என்ன... இல்லட்டி, ஒண்ணும் இல்ல... ஏட்டி, எதுக்கு அழுதே? பியூலா? என்னத்துக்கு அழுதா இவ? ...வச்சுட்டா.

கேட்டீங்களா? இப்பவும் அதே கேள்விதான். ஸ்டேஷனுக்கு அவளே வருதாளாம், பிளாட்பாரத்துல நிக்குதாளாம். கடைசியா ஒரு தடவை கேட்டுக்கிடுதேம்மாங்கா, என்ன கடைசியோ. வீட்டு நெனப்பு வந்திருக்கும், அதான் அழுதிருப்பா. நல்லதுதான். மனசு இளகியிருக்கும்போது நீங்க சொன்னா இன்னும் லேசா ஏறும்.

ஸ்டேஷன் வந்துட்டு போல, எல்லாரும் எந்திரிக்காவ. நீங்க அந்தப் பக்க வாசல் வழியா முன்னால எறங்கிருங்க சிஸ்டர். நான் பொறவு வாரேன். அவ கேட்டா, நாம ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்ததே இல்ல.